திரையில் வந்த மாமனார்

என் மாமனாரை நான் முதன்முதலாக 'சார்' என்று கூப்பிட்டது ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அவர் ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் கிண்டியில், ஓர் அலுவலகத்தின் ஏழாவது மாடியில், காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இது புரியும். கிரிப்டோ வாங்கவும் விற்கவும் ஒரு செயலி நடத்தும் கம்பெனியில், அடையாளம் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கணக்குத் தொடங்க வருகிறவர் யார், எவர் என்று கம்பெனி தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலானவர்களைக் கம்ப்யூட்டரே பார்த்து அனுப்பிவிடும். அதற்குச் சந்தேகம் வந்தால் வீடியோ அழைப்பாக எங்களிடம் தள்ளிவிடும். தமிழ் பேசுகிறவர்கள் எங்கள் வரிசைக்கு வருவார்கள். பான் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வோம். இடது பக்கம் திரும்பச் சொல்வோம், கண் சிமிட்டச் சொல்வோம். என்ன தொழில், எதற்காகக் கணக்கு, யாராவது சொல்லிக்கொடுத்துத் தொடங்குகிறீர்களா என்று கேட்போம்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஊரில் உள்ள வீட்டுக்குள் எல்லாம் எட்டிப் பார்க்கலாம். கோட்டும் டையுமாகக் கம்பீரமாகப் பேசிய ஒருவர், மின்விசிறியை நிறுத்த எழுந்தபோது இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி தெரிந்தது. கண் சிமிட்டுங்கள் என்றதும் ஒரு புதுமாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்துச் சிமிட்டினார். பான் கார்டைக் காட்டச் சொன்னால் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கேஸ் புத்தகம் என்று வரிசையாகக் காட்டிவிட்டு, "இன்னும் வேணுமா?" என்று கேட்டவரும் உண்டு.

இத்தனையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கைப்பேசியை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். மேசையில் பேனா, காகிதம் எதுவும் கூடாது. வாடிக்கையாளரைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது, கட்டின புருஷனிடம்கூட. தெரிந்தவர்கள் யாராவது திரையில் வந்தால் உடனே வேறொருவருக்கு மாற்றிவிட்டுக் குறிப்பு எழுத வேண்டும். இப்போது இதை எழுதுவதற்குக்கூட மாமாவிடம் அனுமதி கேட்டேன். "எய்திக்கோ, பேரு மட்டும் போடாதே" என்றார். அதனால் யார் பேரும் போடவில்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தை, அதாவது என் மாமியார், முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். அளவு கொடுக்க வருகிற பெண்கள் தெருவின் எல்லா விஷயங்களையும் அங்கேதான் இறக்கிவைப்பார்கள். என் கணவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். லாரி வரிசை நகர்கிறதைப் பொறுத்து அவர் வீடு திரும்பும் நேரம் மாறும்.

மாமாவுக்கு என் வேலை பிடிக்காது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆரம்பிப்பார்.

"கண்ணால பாக்க முடியாது, கையால தொட முடியாது. அதுக்குப் பேரு துட்டா? கலீஜ் வேலம்மா உன்து. இரும்புன்னா தூக்குனா கனம் தெரியும்."

அப்படிப்பட்ட மனுஷர்தான் அந்தப் புதன்கிழமை திரையில் வந்தார்.

அழைப்பை எடுத்த வேகத்தில், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "வணக்கம் சார், உங்க பெயரைச் சொல்லுங்க" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த சந்தன நிறச் சட்டை, இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். மீசைக்கு மை. முகத்தில் திட்டுத்திட்டாகப் பவுடர். தலைக்குப் பின்னால் கொடியில் என் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். படம் நின்றுபோய்விட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அசையாமல் இருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்றார்.

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். "சார், உங்க அழைப்பை வேற ஒரு அதிகாரிக்கு மாத்தறேன். லைன்ல இருங்க."

"சரிங்க மேடம்" என்றவர், கேமராவுக்கு நெருங்கி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வூட்ல சொல்லிடாதம்மா."

எல்லா அழைப்பும் பதிவாகும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? இரண்டு மேசை தள்ளி இருந்த மதுரைக்காரத் தோழிக்கு அழைப்பை மாற்றினேன். குறிப்பில் உறவு என்ற இடத்தில் 'மாமனார்' என்று எழுதினேன். பான் கார்டு படத்தில் அவருக்குக் கருகருவென்ற மீசையும் தலைநிறைய முடியும். இப்போது இரண்டும் பாதிதான் மிச்சம். முகம் பொருந்தவில்லை, இன்னொரு ஆவணத்தோடு திங்கட்கிழமை வாருங்கள் என்று தோழி சொல்லி அனுப்பியதாகப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் கிரிப்டோ பற்றி ஒரு பேச்சும் இல்லை. மாமா தன் தட்டிலிருந்த வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். அத்தை கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா இது அதிசயமா கீது? கட்டுன நாள்லேர்ந்து எனக்கு வெச்சதில்ல நடுத்துண்டு!"

"வேலைக்குப் போற பொண்ணு, துன்னட்டும்" என்றார் மாமா, தட்டைப் பார்த்தபடியே.

மறுநாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். மாமா தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒளிந்து கேட்கவில்லை, கிளிப்பை எடுக்கும்போது காதில் விழுந்தது.

"சரி சார். யாரு கேட்டாலும் நானாதான் சேர்ந்தேன்னு சொல்றேன் சார். உங்களப் பத்திப் பேச மாட்டேன் சார்."

எங்கள் பயிற்சியில் இந்த வாக்கியத்தை அப்படியே படித்திருக்கிறோம். 'குரூப்'பில் சேர்த்துவிட்டு, பணத்தைப் பெருக்கித் தருகிறேன் என்று சொல்லி, முறையான செயலியில் கணக்குத் தொடங்க வைப்பார்கள். அங்கே கிரிப்டோ வாங்கச் சொல்லித் தங்கள் கிரிப்டோ முகவரிக்கு அனுப்பச் சொல்வார்கள். போனது போனதுதான்.

இரவுச் சாப்பாட்டில் பொதுவாகச் சொல்வது போல ஆரம்பித்தேன். "இப்பல்லாம் போன்லயே பேசி ஏமாத்துறாங்க மாமா. யாருன்னே தெரியாதவங்க..."

"நான் இன்னா கொயந்தையா?" என்று வெடித்தார் மாமா. வஞ்சிரத்தின் பாசமெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை டீம் லீடரிடம் போனேன். முப்பது வயதிருக்கும் பெண், எதற்கும் பதறாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காதால கேட்டதை மட்டும் எழுது. மனசுல நினைச்சதை எழுதாதே. இது முடியற வரைக்கும் எழுதினதை வீட்ல சொல்லாதே" என்றார். மூன்று வரி எழுதினேன். கல்யாணத்தின்போது, 'எங்க வூட்டுக்கு வந்த பொண்ணு, யாரும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது' என்று தன் சொந்தக்காரர்களிடம் எனக்காகச் சண்டை போட்டவர் மாமா. அவர் மேலேயே சந்தேகக் குறிப்பு. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வந்து இறங்குகிறவரை மனசு சரியில்லை.

அன்றைக்கு என் கணவர் சீக்கிரமே வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். மாமாவின் பென்ஷன் கணக்குக்குக் கொடுத்திருப்பது என் கணவரின் எண். மாமா ஒரு டீ காசு எடுத்தால்கூட இவருக்குக் குறுஞ்செய்தி வரும். அன்று வந்த செய்தியில், இரண்டாயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் கணக்குக்குப் போயிருந்தது. வடக்கத்திப் பெயர்.

"நைனா நேரா பேங்குக்கே போயி ஃபாரம் எய்திக் குடுத்து அனுப்பிகீறாரு. யாரு இந்தப் பொம்பள? உனக்கு எதாச்சும் தெரியுமா?"

"அவராண்டயே கேளு" என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

அவர் மாமாவிடம் கேட்கவில்லை, அத்தையிடம் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் மெஷின் ஓடும் சத்தமே மாறிவிட்டது. அத்தை தனக்குத்தானே கணக்குப் போட ஆரம்பித்தார். கல்யாணச் சட்டை, மீசை மை, மாடிக்குப் போய் ரகசியப் பேச்சு, இப்போது இரண்டாயிரம். என்னிடம் வந்து, "அறுபத்திரண்டு வயசுல பவுடர் கேக்குதுடி இந்தாளுக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பவுடர் யாருக்காகப் போட்டது என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான். 'அத்தே, அது என் கம்பெனிக்காகப் போட்ட பவுடர்' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, அவர் தோளைப் பிடித்து, "அப்படியெல்லாம் இருக்காது அத்தே" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மாமாவின் இரண்டாவது அழைப்பு என் தோழிக்குப் போனது. அவள் பேசுவதை நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் மூன்று நான்கு நாள் மாமா மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வியாழக்கிழமை சாயந்திரம் மாடியிலிருந்து அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "மூஞ்ச காட்டு சார்! மூஞ்ச காட்டிட்டு அப்பால பேசு!"

முன்னறையில் அளவு கொடுத்துக்கொண்டிருந்த பெண் அத்தையைப் பார்த்தாள். அத்தை இஞ்ச் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். போனில் இருந்தவரை மாமா 'சார்' என்று கூப்பிட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அத்தை எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கரண்டியை டங்கென்று வைத்தார்.

"யாரு அவ?"

"எவ?" என்றார் மாமா.

"ரெண்டாயிரம் வாங்குனவ. எவளுக்காகப் பவுடர் போட்டுகினு மாடிக்குப் போறியோ அவ."

மாமா என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நேர்ல போயி குடுத்ததுகூட உன் போனுக்கு வந்துச்சா?" என் கணவர் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்.

"உன் மருமவளக் கேளு. அவளுக்குத் தெரியும்."

அத்தையும் கணவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"கஸ்டமர் விஷயம் அத்தே. நான் சொல்லக்கூடாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வாயைக் காப்பாற்றப் போய் பாதி விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

"கஸ்டமரா?" என்றார் என் கணவர். "நைனா உங்க கம்பெனி கஸ்டமரா?"

"நீ இன்னாடி சாமியாரா?" என்றார் அத்தை. "பாவசங்கீர்த்தனமா கேட்டே? சொல்லித் தொலையேன்!"

நான் வாயில் ஒரு கவளம் சோற்றைத் திணித்துக்கொண்டேன். மாமா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். புரையேறி, நான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி, அப்புறமும் சிரித்தார்.

"பத்து நாளாச்சு. பக்கத்துல ஒக்காந்து துன்னுகினு ஒரு வார்த்த சொல்லல பாரு. என் மருமவ!"

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். யாரோ அவரை ஒரு வாட்ஸாப் குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஆலோசகர் என்று ஒருவன் தினமும் போன் செய்து, "ஐயா, சாப்டீங்களா?" என்று விசாரித்திருக்கிறான். உறுப்பினர் கட்டணம் என்று ஏதோ ஒரு கணக்குக்கு இரண்டாயிரம் அனுப்பச் சொன்னான். அந்தக் கணக்கு ஒரு பெண் பெயரில் இருந்தது, அவ்வளவுதான். அடுத்தது பென்ஷன் பணத்தில் கிரிப்டோ வாங்கி அவன் சொல்லும் முகவரிக்கு அனுப்ப வேண்டும்.

"திங்கக்கெயம அந்த மதுரப் பொண்ணு கேட்டுது. 'நீங்க வாங்குறத யாருக்கு அனுப்பப் போறீங்க? அவர நேர்ல பாத்திருக்கீங்களா?'ன்னு. அவன் சொல்லிக் குடுத்த பதில்தான் சொல்ல வந்தேன். வாய்ல வர்ல. முப்பது வருசம் கிரேன்ல ஒக்காந்தேன். கீய நின்னு கை காட்றவன் யாருன்னு தெரியாம ஒரு மூட்டைய தூக்குனதில்ல. இங்க எவனோ கை காட்றான், நானும் தூக்கிகினு கீறேன். அப்பால பேசுறேன்மான்னு கட் பண்ணிட்டேன்."

அவனிடம் வீடியோவில் வரச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் கேமரா ரிப்பேர். மறுநாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றான். மூன்றாம் நாள்தான் தெருவே கேட்ட அந்தச் சத்தம். அரை மணியில் குரூப்பிலிருந்து மாமாவை நீக்கிவிட்டார்கள்.

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் போய் அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம். "அத வூட்ல சொல்லிட்டு செஞ்சா இன்னா? எதுக்கு இந்தத் திருட்டு வேல?"

மாமா கையைத் தட்டின் ஓரத்தில் வழித்துக்கொண்டார்.

"என் பாஸ்புக் உன் பீரோவுல கீது. பேங்க் மெசேஜு இவன் போனுக்கு வருது. முக்குக் கடையில ரெண்டு டீ குடிச்சா, நான் வூட்டுக்கு வர்றதுக்குள்ள உனக்கு நியூஸ் வந்துருது. யாரு மேலயும் கோவமில்ல. எனக்கே எனக்குன்னு, யாருக்கும் தெரியாம, ஒண்ணே ஒண்ணு வேணும்னு தோணிச்சு. எதுக்குன்னு கேட்டா தெரியல."

நாள் முழுக்க மற்றவர்களிடம் அடையாளம் கேட்கிற நான், என் வீட்டிலேயே ஒரு மனுஷருக்கு ஒளித்துவைக்க ஒரு பொருள்கூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அத்தை எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பாஸ்புக்கை மாமாவின் மடியில் போட்டார்.

"கொயம்பு படாம வெச்சிக்கோ" என்றார்.

மறுநாள் என் கணவர் அரை நாள் விடுப்பு எடுத்து மாமாவை வங்கிக்கு அழைத்துப்போய், கணக்கில் மாமாவின் எண்ணையே போட்டுக் கொடுத்தார். சைபர் போலீஸிலும் புகார் பதிந்தார்கள். இரண்டாயிரம் இதுவரை வரவில்லை. முதல் குறுஞ்செய்தி தன் போனுக்கு வந்த அன்று மாமா அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என் கணவர் எட்டிப் பார்த்தபோது போனை மார்போடு சேர்த்து மூடிக்கொண்டார்.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம், மாமா தானாகவே மறுபடி என் தோழியிடம் வீடியோவில் வந்து, எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லி, கணக்குத் தொடங்கிவிட்டார். அதையும் அவரே வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரியும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மணலி ரிஃபைனரிப் பக்கத்து நாற்றக் காற்று இல்லை, கடல் காற்று நன்றாக வீசியது.

"இந்தக் கிரிப்டோல எவன் எவனுக்கு அனுப்புனான்னு உலகமே பாக்கலாமாமே? மெய்யாலுமா?"

"பாக்கலாம் மாமா. ஆனா பேரு இருக்காது, நம்பர்தான் இருக்கும். எந்த நம்பர் யாருதுன்னு எங்க கம்பெனிக்குத் தெரியும்."

"நீங்க வாயத் தொறந்தா?"

"தொறக்கக்கூடாது. சட்டப்படி அரசாங்கம் கேட்டா மட்டும் குடுக்கணும்."

கொடியில் சரிந்த துண்டைச் சரிசெய்தார். "அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிட்டுப் போவட்டும். வரி கட்டிட்டுப் போறேன். அவங்க இன்னா எங்கூடவா குடித்தனம் பண்றாங்க? உங்க அத்தைக்கு எவ்ளோன்னு தெரியக்கூடாது, அவ்ளோதான்."

"தெரியாது மாமா. எனக்கே தெரியாது."

போகத் திரும்பியவர் நின்றார். "அந்த மதுரப் பொண்ணு ரெண்டாவது வாட்டி கேட்டப்போ, எல்லாம் தெரிஞ்ச மாதிரியே கேட்டுது. நீயா எய்திக் குடுத்தே?"

ஈரத் துண்டைப் பிழிந்தபடி, "அதைச் சொல்லக்கூடாது மாமா" என்றேன்.

"அப்ப நீதான்" என்றார். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் கிளிப் டப்பாவை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அவர் மேல் குறிப்பு எழுதிய நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

போன மாதம் எனக்குப் பிளவுஸ் அளவு எடுக்கும்போது, அத்தை முதுகுப் பக்கம் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி, பொம்பளைங்களும் அந்தக் கணக்கு தொடங்கலாமா?"

"தாராளமா தொடங்கலாம் அத்தே."

டேப்பை இழுத்துத் தோளை அளந்தார். எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஊசியை எடுத்துப் பல்லில் கடித்தபடி, ரொம்பச் சாதாரணமாக, "உனக்கு எந்தக் கெயம லீவு? அன்னிக்கி அந்த மதுரப் பொண்ணு இருக்குமில்ல?" என்றார்.